பொத்திவைத்த கார்வெட்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 500 மைல் கார்ப் பந்தயம் நடக்கிறது. பச்சைக் கொடி அசைவதற்கு முன் பந்தயக் கார்கள் எல்லாம் வரிசை கலையாமல் ஒரு காரின் பின்னால் வருகின்றன. முன்னே போகும் அந்தக் காருக்குப் பேஸ் கார் என்று பெயர். கோயில் ஊர்வலத்தில் முன்னே நடக்கிற யானையைப் போல. போட்டியில் அதற்குப் பங்கில்லை, மரியாதை மட்டும் உண்டு. 1978-இல் அந்த மரியாதை முதன்முறையாக ஷெவர்லே கார்வெட்டுக்குக் கிடைத்தது. அந்தக் காருக்கு அது 25-ஆம் ஆண்டும்கூட. மேலே கறுப்பு, கீழே வெள்ளி, நடுவே மெல்லிய சிவப்புக் கோடு என்று வண்ணம் பூசி, அதே போன்ற கார்களைப் பொதுமக்களுக்கும் விற்பது என்று ஷெவர்லே முடிவு செய்தது. பெயர்: லிமிடெட் எடிஷன்.

எத்தனை கார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. முதலில் சில நூறு என்று பேச்சு. பிறகு, கார்வெட் பிறந்து ஆன ஒவ்வோர் ஆண்டுக்கும் நூறு வீதம் 2,500 என்றார்கள். கடைசியில், நாட்டிலுள்ள ஒவ்வொரு ஷெவர்லே விற்பனையாளருக்கும் ஒன்றாவது கொடுக்காவிட்டால் சண்டை வரும் என்ற நிலை. ஆக, 6,502 கார்கள் தயாராயின. அந்த ஆண்டு வெளிவந்த மொத்தக் கார்வெட்டுகள் 46,776. அப்படியானால் ஏழில் ஒன்று 'லிமிடெட்'. சாதாரணக் கார்வெட் 9,351 டாலர் 89 சென்ட், பேஸ் கார் 13,653 டாலர் 21 சென்ட்.

அந்த மார்ச் மாதக் கடைசியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இந்தக் காரைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது. பங்கு, பத்திரம் பற்றிப் படிக்கிறவர்கள் கண்ணில் ஒரு கார் பட்டுவிட்டது. அதன்பின் நடந்தது கார் வியாபாரமே அல்ல. விற்பனையாளர்கள் பட்டியல் விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். கொடுக்க ஆள் இருந்தது. வாங்கியவர்களில் பலர் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூட இல்லை. லாரியில் ஏற்றிப் போய்க் கொட்டகையில் இறக்கி, இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல், போர்வை போர்த்திப் பூட்டினார்கள். கதவில் ஒட்டவேண்டிய பந்தய ஸ்டிக்கர்கள் ஒட்டப்படாமல் காருக்குள்ளேயே அட்டைப்பெட்டியில் வந்திருந்தன. அவையும் அப்படியே கிடந்தன. சிலர் தங்கள் பெயரில் பதிவுகூடச் செய்யவில்லை.

நம் ஊர் பழைய வண்டிச் சந்தையில் "டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு" என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்ட வாசகம் அது. ஆனால் அதற்குள் இருக்கும் நம்பிக்கை உலகம் முழுவதற்கும் பொது: குறைவாக ஓடிய வண்டி கூடுதல் விலை பெறும். எண்ணிக்கையில் குறைவான ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் ஓடாதது என்றால் கேட்கவே வேண்டாம். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்று அளந்து பார்க்க இந்த 6,502 கார்களைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. முடிவு கண்முன்னே இருக்கிறது.

முதலில் வெறும் கணக்கு. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 1978-இன் 13,653 டாலர், 2024-இன் விலைவாசியில் 65,000 டாலருக்குச் சற்று மேல். அதாவது, பொத்திவைத்தவர் இன்று 65,000 டாலருக்கு விற்றால் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. போட்ட காசு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 1978 முடிவில் 96. 2023 முடிவில் 4,770. ஈவுத்தொகையை விட்டுவிட்டாலும் ஐம்பது மடங்குக்கு அருகில். அதே பணத்தை அங்கே போட்டிருந்தால் ஆறே முக்கால் லட்சம் டாலர். நடப்பில், ஓட்டிப் பழகிய நல்ல பேஸ் கார் ஒன்று இருபது, முப்பதாயிரம் டாலர் வட்டத்தில் கைமாறுகிறது. பிளாஸ்டிக் உறையோடு இருப்பது நாற்பது, ஐம்பதாயிரம் போகும். பணவீக்கத்தை முழுதாக எட்டிப்பிடிப்பதே அபூர்வம். கொட்டகை வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு வெறும் 500 டாலர் என்று வைத்தாலும் 46 ஆண்டில் 23,000 டாலர் அதிலிருந்து கழிய வேண்டும்.

பட்டியல் விலைக்கு வாங்கியவர் கதை இது. இரண்டு மடங்கு கொடுத்தவரைப் பற்றிப் பேசாமல் விடுவதே நாகரிகம்.

ஏன் இப்படி ஆயிற்று? எண்ணிக்கை அதிகம் என்பது எளிய விடை. அது பாதி உண்மைதான். 6,502 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எண்ணிக்கை. ஒரு காரின் அருமையைத் தீர்மானிப்பது அதுவல்ல. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. சாதாரணமாக ஒரு கார் மாடல் வெளிவந்தால் மோதலில் சில, துருவில் சில, மகன் கையில் சிக்கிச் சில, உதிரி பாகத்துக்காகச் சில என்று அழியும். பத்தாயிரத்தில் பத்து அப்படியே தங்கினால் அந்தப் பத்துக்கும் மதிப்பு. பேஸ் கார் விஷயத்தில் அழிவு அவ்வளவாக நடக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைப் படித்து ஒரே முடிவை எடுத்தார்கள். ஆகவே இன்று அபூர்வமாக இருக்க வேண்டிய 'ஓடாத' கார், அந்த வகையிலேயே சர்வசாதாரணமான ஒன்றாகிவிட்டது. நாற்பது மைல் ஓடிய ஒன்று ஏலத்துக்கு வரும். அதைத் தவறவிட்டால் கவலையில்லை, அடுத்து முப்பது மைல் ஓடியது வரும். நன்றாக ஓட்டப்பட்டு, கல்லடி பட்டு, உரிமையாளரின் காப்பிக் கறையோடு இருக்கிற 1978 பேஸ் காரைத் தேடுவதுதான் கடினம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அதற்கு யாரும் கூடுதலாகத் தருவதில்லை.

மதிப்பிட உட்காருகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது. "எத்தனை செய்தார்கள்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "எத்தனை பேர் பூட்டி வைத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். இதற்குப் புள்ளிவிவரம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. ஆனால் தடயம் உண்டு. கடந்த ஏலப் பதிவுகளை எடுத்து, அந்த மாடலில் விற்பனைக்கு வந்தவற்றில் எத்தனை விழுக்காடு ஆயிரம் மைலுக்குக் கீழே என்று எண்ணினால் போதும். நூறில் இரண்டு என்றால் கையிலிருப்பது அபூர்வம். நூறில் முப்பது என்றால், அது அந்தக் காரின் வழக்கமான நிலை. அதற்கென்று தனி விலை எதிர்பார்ப்பது வீண்.

இருந்தாலும், எல்லாரும் பூட்டி வைத்ததாலேயே விலை ஏறாது என்றும் சொல்ல முடியாது. 1987-இல் ப்யூக் நிறுவனம் ஜிஎன்எக்ஸ் என்று 547 கார்களை விற்றது. பார்வைக்குக் கறுப்புப் பெட்டி. உள்ளே டர்போ பொருத்திய வி6 எஞ்சின். அதையும் ஏராளமானோர் பொத்தி வைத்தார்கள். ஆனால் ஓடாத ஜிஎன்எக்ஸ்கள் இரண்டு லட்சம் டாலரையும் தாண்டிப் போயிருக்கின்றன. எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அது அந்தக் காலத்தில் நேர்கோட்டில் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களையே பின்தள்ளிய வண்டி. பேஸ் காரில் இருந்ததோ வண்ணமும் ஸ்டிக்கரும் புதிய இருக்கையும். விருப்ப எஞ்சினோடு 220 குதிரைத்திறன், அடிப்படை எஞ்சினோடு 185. சாதாரணக் கார்வெட்டிலும் அதேதான். அந்தப் புதிய இருக்கையும் அடுத்த ஆண்டே எல்லாக் கார்வெட்டுக்கும் வந்துவிட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பது, எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை.

ஃபெராரி எஃப்40 இதையே வேறு திசையிலிருந்து காட்டுகிறது. 1987-இல் அறிமுகமானபோது சுமார் 400 என்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானார். அவர் உயிரோடிருக்கும்போது வெளியான கடைசிக் கார் என்று கூட்டம் குவிந்தது. 1992 வரை செய்துகொண்டே போய் 1,300-ஐத் தாண்டினார்கள். 1989, 90 வாக்கில் பழைய கார்ச் சந்தை முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. எஃப்40-யின் விலை பட்டியலைப்போல் பல மடங்கு போனது. பிறகு கொதிப்பு அடங்கி, ஆண்டுக்கணக்கில் விலை படுத்தே கிடந்தது. சொன்ன எண்ணிக்கையை நிறுவனமே மூன்று மடங்கு மீறிய கார். ஆனால் இன்று இருபது லட்சம் டாலருக்கு மேல். வண்டி அப்படிப்பட்டது.

லிமிடெட் என்பது செய்கிறவர் கொடுக்கும் வாக்கு. வாக்கை அவரே நேராக மீறலாம், எஃப்40 போல. மீறாமலேயே வெறுமையாக்கவும் முடியும். 1976-இல் கெடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை 'அமெரிக்காவின் கடைசித் திறந்த கார்' என்று நம்பி வாங்கிப் பூட்டினார்கள். 14,000 கார்கள், அவற்றில் கடைசி 200 வெள்ளை நிறத்தில் ஒரே மாதிரி. 1984-க்கு கெடிலாக் மறுபடியும் திறந்த எல்டொராடோவைக் கொண்டுவந்தது. ஏமாந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

நம் காலத்தில் இதன் துல்லியமான உதாரணம் போர்ஷே 911 ஆர். 2016 ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. 991 கார்கள், அமெரிக்காவில் விலை 1,84,900 டாலர். நாலு லிட்டர், 500 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். அப்போது போர்ஷேயின் ஜிடி3 வரிசையில் தானியங்கி கியர் மட்டுமே இருந்தது. கைகியர் பிரியர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். சில மாதங்களிலேயே பத்து லட்சம் டாலர் வரை கேட்டார்கள். 2017 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் போர்ஷே ஜிடி3 டூரிங் என்று ஒன்றைக் காட்டியது. அதே கொள்ளளவு, அதே திறன், கைகியர், பின்னிறக்கை இல்லாத அதே அமைதியான தோற்றம். எண்ணிக்கை வரம்பும் கிடையாது. 911 ஆரின் கேட்பு விலை கண்ணெதிரே கரைந்தது. ஒரு காரும் மோதவில்லை, ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, எண்ணிக்கை 991-ஆகவே இருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, பிறகு அது மெல்ல மீண்டும் ஏறியது. டூரிங்குக்கும் 911 ஆருக்கும் இடையே எடையில் உண்மையான வித்தியாசம் இருந்தது. விருப்பப் பாகமாகக் கொடுத்த லேசான ஃப்ளைவீல் உள்ளவற்றைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படியானால் 2016-இன் பத்து லட்சத்தில் ஒரு பகுதி காருக்கு, ஒரு பகுதி 'இனி இப்படி ஒன்று வராது' என்ற பந்தயத்துக்கு. மதிப்பீட்டில் இந்த இரண்டையும் பிரித்து எழுதவேண்டும். முதல் பகுதி நிலைக்கும். இரண்டாவது ஒரு பத்திரிகைச் செய்தியில் போய்விடும்.

அடுத்து விலை என்கிற சொல். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது ஆசை, விலை அல்ல. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் கார்தான் விளம்பரத்தில் அதிக நாள் தெரியும்; அதனால் விளம்பரங்களின் சராசரியை எடுத்தால் விற்காத விலைகளின் சராசரிதான் வரும். ஏலத்தில் விற்ற விலையே சான்று. அதிலும் எந்த விலை என்று பார்க்க வேண்டும். 2018 மே மாதம் இண்டியானாபொலிஸில் மீக்கம் ஏலத்தில் ஒரு 2017 ஃபோர்டு ஜிடி 18,15,000 டாலருக்குப் போனதாகச் செய்தி. சுத்தியல் விழுந்தது 16,50,000-க்கு. மேலே 10 விழுக்காடு, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன். விற்றவர் கைக்கு வருவது 16,50,000-இலிருந்தும் அவருடைய கமிஷன் போக மிச்சம். ஒரே விற்பனைக்கு மூன்று விலை. இணைய ஏலத்தில் கமிஷனுக்கு உச்சவரம்பு இருப்பதால் இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே மேடை ஏல விலையையும் இணைய ஏல விலையையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது தவறு.

அந்த ஃபோர்டு ஜிடிக்கு இன்னொரு கோணமும் இருந்தது. இரண்டு ஆண்டு விற்கமாட்டேன் என்று முதல் உரிமையாளர்களிடம் ஃபோர்டு எழுதி வாங்கியிருந்தது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா அதற்குள் விற்றுவிட, 2017-இல் அவர்மேல் வழக்கே போட்டார்கள். மறு ஆண்டு சமரசமானது. எல்லார் கையும் கட்டியிருக்கும்போது தப்பித்து வெளிவந்த ஒரு காருக்குக் கிடைத்த விலையை, கட்டு அவிழ்ந்தபின் வரப்போகும் நூற்றுக்கணக்கான கார்களுக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது.

ஏல விலையை நிர்ணயிப்பவர் ஜெயித்தவர் அல்ல, தோற்றவர். இரண்டாவது ஆள் எங்கே நிறுத்தினாரோ அதற்கு ஒரு படி மேலே காரியம் முடிகிறது. ஒரே மண்டபத்தில் இரண்டு பிடிவாதக்காரர்கள் அமைந்துவிட்டால் சாதனை விலை. மறுமாதம் அதில் ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார், போட்டிக்கு ஆள் இல்லை. அதனால் ஒற்றைச் சாதனை விலையை மதிப்பீட்டில் ஓரமாக வைத்துவிடுவதே நல்லது. மாறாக, குறைந்தபட்ச விலையை எட்டாமல் விற்காது போன கார்களைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவையும் பேசுகின்றன: இத்தனை பேர் கூடியும் இவ்வளவுக்கு மேல் யாரும் தயாரில்லை என்று.

இப்போது மீட்டர். ஓட்டத்துக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. நிக்கோலா லசெட்டெரா, டெவின் போப், ஜஸ்டின் சிட்னர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2012-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வியாபாரிகளுக்கிடையே நடக்கும் பழைய கார் ஏலங்களில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனைகளை எடுத்துப் பார்த்தார்கள். மீட்டர் 79,900-களில் இருக்கிற கார், 79,800-களில் இருப்பதைவிடச் சுமார் 10 டாலர்தான் குறைவு. ஆனால் 80,000-ஐத் தாண்டியதும் ஒரேயடியாக 200 டாலருக்கு மேல் விழுகிறது. எஞ்சினுக்கு 79,999-உம் 80,001-உம் ஒன்றுதான். கண்ணுக்கு முதல் இலக்கம் மாறிவிட்டது. செருப்புக் கடை 999 ரூபாய் மாயம்தான், காரிலும்.

இவை சாதாரணக் கார்கள். லிமிடெட் எடிஷனில் இந்தப் படிகள் இன்னும் செங்குத்தானவை. கீழ்க்கோடியில் மிகச் செங்குத்தானவை. 40,000-த்துக்கும் 41,000-த்துக்கும் யாரும் பேரம் பேசமாட்டார்கள். 40-க்கும் 1,040-க்கும் இடையே வேறு உலகம். முதலாவது புதுக் கார், இரண்டாவது பழைய கார். இதனால் வாங்கியவருக்கு ஒரு விசித்திரமான நிலை. கூடுதல் விலை கொடுத்து அவர் வாங்கியது ஓட்டாமல் இருக்கும் உரிமையை. ஓட்டினால் கொடுத்த கூடுதல் பணம் கரையும். பேஸ் காரில் ஓடாததற்கும் ஓடியதற்கும் இடையே இருபதாயிரம் டாலர் என்று வைத்தால், அதன் பெரும்பகுதி முதல் ஆயிரம் மைலிலேயே போய்விடும். மைலுக்குப் பதினைந்து, இருபது டாலர். விமானத்தில் முதல் வகுப்பே மலிவு.

அந்த எண்ணையே நம்பலாமா என்பது தனிக் கேள்வி. மீட்டரைத் திருப்பும் கலை எல்லா நாட்டிலும் உண்டு. பொய் மீட்டரோடு ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் அமெரிக்காவில் விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. எனவே மீட்டர் ஒரு சாட்சி மட்டுமே. மற்ற சாட்சிகள் அதோடு ஒத்துப்போக வேண்டும். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் மடிந்திருக்கிறதா, டயர் பக்கவாட்டில் எந்த ஆண்டு, கண்ணாடியில் ஒட்டிவந்த விலைச்சீட்டு உண்டா, தொழிற்சாலை கொடுத்த பிறப்புச் சான்று கைமாறாமல் இருக்கிறதா. பேஸ் காரில் ஒரு சௌகரியம்: வண்டி அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 9-இல் தொடங்கும். சாதாரணக் கார்வெட்டுக்குக் கறுப்பும் வெள்ளியும் அடித்துக் கொண்டுவந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். கார்வெட் சீரமைப்பாளர்களின் தேசியச் சங்கம் 1974 முதல் இருக்கிறது. திருகாணித் தலை வரை பார்த்துப் புள்ளி போடுகிற மனிதர்கள். அவர்கள் கொடுக்கும் சான்று சந்தையில் பணமாகும்.

ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதுதான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில், வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பார் என்பது அதன் சாரம். 2001-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்ததற்கு அதுவே அடிப்படை. காகிதம், சான்று, பில் புத்தகம் எல்லாம் இந்தச் சந்தேகத்தின் தொகையைக் குறைப்பதற்கான செலவுகளே. பேசும்போது வியாபாரிகள் 'ஃபைல் கனமா இருக்கா?' என்று முதலில் கேட்பது சும்மா அல்ல.

ஓடாமல் இருந்தால் தேயாது என்பது இன்னொரு பிழை. ஓட்டம் ஒரு வகையில் தேய்க்கும், காலம் வேறு வகையில். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். சீல்கள் காய்ந்து வெடிக்கும். அந்தக் காலக் கார்வெட்டில் இது பேர்போன நோய்: பிரேக் கேலிப்பரின் உள் துவாரம் நின்ற இடத்திலேயே துருப்பிடித்து எண்ணெய் கசியும், எஃகுக் குழல் செருகிச் சரிசெய்வதே வழக்கமான வைத்தியம். எஃப்40-யின் பெட்ரோல் பையை ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயர்தான் மிக ஆபத்தானது; பள்ளம் முழுசாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தில் வேகத்தோடு, டயர்களின் வயது ஒன்பது ஆண்டு என்பதையும் புலனாய்வாளர்கள் குறித்தார்கள். குறைவாக ஓடிய கார்களுக்கே உரிய வகை ஆபத்து.

உச்சியில் உள்ள கார்களில் மீட்டரின் ஆட்சி எவ்வளவு என்று பார்க்க மெக்லாரன் எஃப்1 உதவும். மொத்தம் 106, அதில் சாலைக்கான வழக்கமான வடிவம் 64. 2017-இல் 9,600 மைல் ஓடிய ஒன்று 1 கோடியே 56 லட்சத்து 20 ஆயிரம் டாலர். 2019-இல் சுமார் 13,300 மைல் ஓடியது 1 கோடியே 98 லட்சத்து 5 ஆயிரம். 2021-இல் வெறும் 242 மைல் ஓடியது 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம். அவசரக்காரர் முதலையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து, ஒன்பதாயிரம் மைலின் விலை கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் டாலர் என்பார். நடுவில் உள்ளது அதைக் கெடுக்கிறது. அது அதிகம் ஓடியும் முதலாவதை முந்தியிருக்கிறது, ஏனெனில் தொழிற்சாலையே பந்தய எஞ்சினுக்கு மாற்றிக் கொடுத்த இரண்டில் ஒன்று. இதோடு நாலு ஆண்டில் சந்தையும் நகர்ந்திருக்கிறது. ஓட்டம், வடிவம், ஆண்டு மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்க, மூன்று விற்பனைகளை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் ஒரு எஃப்1 வாங்கினார். அதைக் கடைக்குப் போகவும் பயன்படுத்தினார். இரண்டு முறை மோதினார். 2011-இல் மரத்தில் மோதியபோது பழுதுபார்க்கக் காப்பீடு கொடுத்தது 9,10,000 பவுண்ட். 41,000 மைல் ஓடி, இரண்டு விபத்தையும் தாங்கிய அந்தக் கார் 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஓட்டியவர் பெயருக்கும் அதில் பங்கு இருக்கும். இருந்தாலும் காருக்கே மதிப்பு இருக்கிற இடத்தில் மீட்டர் கழிக்கும், அழிக்காது. காருக்கு மதிப்பு மெலிவாக உள்ள இடத்தில்தான் மீட்டர் மட்டுமே பேசவேண்டியிருக்கிறது. பேஸ் காரின் பரிதாபம் அதுவே.

இனி நாமே ஒன்றை மதிப்பிட்டுப் பார்ப்போம். கற்பனை வண்டி: 1978 பேஸ் கார், 220 குதிரைத்திறன் எஞ்சின், நாலு கைகியர், மீட்டரில் 38 மைல். விலைச்சீட்டு, பதிவாகாத பிறப்புச் சான்று, பெட்டியில் ஸ்டிக்கர்கள், தொழிற்சாலை டயர்கள். இருபது ஆண்டாக எஞ்சினை முடுக்கவில்லை. விற்பவர் 90,000 டாலர் கேட்கிறார். யாரோ ஒரு முறை அவ்வளவு கொடுத்ததாகச் சொல்வார்.

நல்ல நிலையில் ஓட்டப்பட்டது 25,000 என்று தொடங்குவேன். எஞ்சினுக்கும் கைகியருக்கும் 5,000. காகிதங்களும் ஸ்டிக்கர் பெட்டியும் சந்தேகத்தைப் போக்குவதால் இன்னும் 3,000. ஓடாத நிலைக்கு இருபதாயிரத்துக்கு மேல் சேர்க்கமாட்டேன். இதே வகையில் அடுத்தது சீக்கிரமே வரும் என்று தெரியும். ஆக 53,000. இதிலிருந்து உயிர் கொடுக்கும் செலவைக் கழிக்க வேண்டும்: டாங்க், கார்புரேட்டர், குழாய்கள், பிரேக். ஒழுங்காகச் செய்தால் ஐந்து, ஆறாயிரம். 47,000-இல் நிற்கிறது. மேடை ஏலத்தில் வாங்கினால் கமிஷனும் அதற்குள் அடங்க வேண்டும். எனவே 43,000-க்கு மேல் கையைத் தூக்கக் கூடாது.

ஆனால் கழித்த அந்தச் செலவிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. கேலிப்பருக்கு எஃகுக் குழல் செருகினால் கார் நிற்கும், ஓடும்; கூடவே 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்ற சொல் போய்விடும், அதோடு ஓடாததற்காகச் சேர்த்த இருபதாயிரத்தில் ஒரு துண்டும். செருகாவிட்டால் இருபதாயிரமும் பத்திரம், ஆனால் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குக்கூட அதை எடுக்க முடியாது. எனக்கென்றால் பழைய கேலிப்பர்களையும் டயர்களையும் கழற்றிச் சீட்டு எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு, புதியவற்றை மாட்டுவேன். இவ்வகைக் கார்களை வாங்கி விற்பவர்கள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்து வாங்குபவருக்குக் காரோடு ஒரு மரப்பெட்டியும் போகும். பேரம் பெரும்பாலும் அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டுதான் நடக்கும்.